கட்டுப்பாட்டுக்குச் சட்டம், மீட்சிக்குப் பஞ்ச விதி: மதுரை வட்டாரக் கொள்ளைநோய் வரலாறு (1809–2023)

ஆய்வுச் சுருக்கம்

கொள்ளைநோயை எதிர்கொள்ளும் அரசுத் திட்டம் எதற்கும் இரு பகுதிகள் உண்டு. நோய்ப் பரவலைக் கட்டுப்படுத்துதல் ஒன்று. நோயாலும் கட்டுப்பாட்டாலும் இழந்தவர்களை மீட்டெடுத்தல் மற்றொன்று. மதுரை நகரும் அதனைச் சூழ்ந்த சமவெளியும் கடந்த இரு நூற்றாண்டுகளில் கண்ட கொள்ளைநோய்களை முன்வைத்து, இவ்விரு பகுதிகளும் சட்டத்தில் எவ்வாறு இடம்பெற்றன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. கட்டுப்பாடு 1897, 1939 ஆம் ஆண்டுகளின் சட்டங்களில் விரிவான வடிவம் பெற்றது. மீட்சியோ கொள்ளைநோய்ச் சட்டங்களில் இடம்பெறாமல், பஞ்ச நிவாரண மரபிலிருந்து இரவல் பெறப்பட்டது. 2020–21 பெருந்தொற்றுக் காலத்திலும் இப்பிளவு நீடித்தது என்பது இக்கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: மதுரை, கொள்ளைநோய், வாந்திபேதி, பஞ்ச விதி, பொதுச் சுகாதாரச் சட்டம், சித்திரைத் திருவிழா, கோவிட்-19, மீட்சி.

முன்னுரை

2020 மார்ச் 25 அன்று நாடு தழுவிய பொதுமுடக்கம் நடைமுறைக்கு வந்தது. அதே நாளின் அதிகாலையில் தமிழகத்தின் முதல் கோவிட்-19 இறப்பு மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் நிகழ்ந்ததாக அறிவிக்கப்பட்டது. தேசியத் திட்டத்தின் தொடக்கமும் அத்திட்டம் தடுக்க முனைந்த இழப்பின் தொடக்கமும் இவ்வாறு மதுரையில் ஒரே நாளில் அமைந்தன. தமிழகத்தின் பெருந்தொற்று வரலாற்றை மதுரையிலிருந்து எழுதத் தொடங்குவதற்கு இது ஒரு காரணம். எனினும் முதன்மையான காரணம் வேறு. மதுரை திருவிழாக்களின் நகரம்; பூ, காய்கறி, நெசவு, கைத்தொழில் ஆகியவற்றின் சந்தை; வைகையை நம்பிய ஒரு சமவெளியின் மையம். மக்கள் கூடுவதால் வாழும் ஊருக்கு, கூடுவதைத் தடுக்கும் கொள்கை எத்தகைய விளைவைத் தரும் என்னும் வினாவை மதுரையை விடத் தெளிவாக எழுப்பும் ஊர்கள் தமிழகத்தில் மிகச் சிலவே.

கொள்ளைநோய் குறித்த ஆய்வுகள் பெரும்பாலும் கட்டுப்பாட்டு நடவடிக்கைகளையும் அவற்றுக்கு எழுந்த எதிர்ப்பையும் ஆராய்ந்துள்ளன. கட்டுப்பாடு நீங்கிய பின் மக்கள் எதைக் கொண்டு எழுந்தார்கள், அதில் அரசின் பங்கு யாது என்னும் வினா அவ்வளவாகக் கவனிக்கப்படவில்லை. இக்கட்டுரை சட்டங்கள், அரசு ஆணைகள், மாவட்ட வரலாறுகள் ஆகியவற்றின் துணையுடன் அவ்வினாவை அணுகுகிறது.

1809–1811: காய்ச்சலும் அறிக்கையும்

கும்பினி ஆட்சி மதுரைப் பகுதியில் நிலைபெற்ற சில ஆண்டுகளிலேயே கடுமையான காய்ச்சல் ஒன்று பரவியது. 1809 முதல் 1811 வரை கோயம்புத்தூர், மதுரை, திண்டுக்கல், திருநெல்வேலிப் பகுதிகளை அது வாட்டியது. சென்னை அரசு மருத்துவர் குழு ஒன்றை அமர்த்தியது. வில்லியம் ஐன்ஸ்லி, ஸ்மித், கிறிஸ்டி ஆகியோர் அளித்த அறிக்கை 1816 இல் இலண்டனில் அச்சேறியது. இவர்களுள் ஐன்ஸ்லி, தென்னிந்திய மருந்துப் பொருள்களைத் தமிழ்ப் பெயர்களுடன் தொகுத்து 1813 இல் சென்னையில் நூல் வெளியிட்டவர் என்ற முறையில் தமிழ் மருத்துவ வரலாற்று ஆய்வாளர்களுக்கு அறிமுகமானவர்.

சதுப்பு நிலத்திலிருந்தும் தேங்கிய நீரிலிருந்தும் எழும் கெட்ட காற்றே காய்ச்சலுக்குக் காரணம் என்பது அக்கால மருத்துவத்தின் கொள்கை. நோயின் காரணம், சிகிச்சை, தடுப்பு ஆகிய மூன்றையும் ஆராய்வதே குழுவின் பணியாக இருந்தது. நோயினால் ஆளற்றுப்போன குடும்பங்களும் உழவு நின்றுபோன நிலங்களும் மீள்வது மருத்துவர்களிடம் கேட்கப்பட்ட வினா அன்று. அது வருவாய்த் துறையின் கணக்குக்கு உரியதாயிற்று. அந்நாளில் சென்னை மாகாணத்தின் பல பகுதிகளில் ஊர்க் குத்தகை முறை நடைமுறையில் இருந்தது. குத்தகைத் தொகை முன்னதாகவே உறுதிசெய்யப்படும் ஏற்பாட்டில், உழுவோர் தொகை குறைந்தால் எஞ்சியோர் மீது சுமை கூடுவது இயல்பு. நோய் மருத்துவருக்கும் மீட்சி வரிக்கணக்கருக்கும் எனப் பிரிந்த இப்பாகுபாடு பின்வந்த சட்டங்களிலும் தொடர்ந்தது.

நகரம், நீர், திருவிழா

1817 இல் வங்காளத்தில் பெருகிய வாந்திபேதி அடுத்த ஆண்டே சென்னை மாகாணத்தை எட்டியது. அது முதல் பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுவதும் மதுரைக்கு மீண்டும் மீண்டும் வந்த கொள்ளைநோய் அதுவே. திருவிழாவுக்குத் திரளும் கூட்டம், வெயில் காலத்தில் ஊற்று மட்டுமே எஞ்சும் வைகைப் படுகை, அப்படுகையையே குடிநீருக்கும் குளிப்பதற்கும் பிற தேவைகளுக்கும் பயன்படுத்தும் நெருக்கடி ஆகிய மூன்றும் சேர்ந்தபோது நோய் பரவ வேறெதுவும் தேவைப்படவில்லை.

நகரின் உடல்நலம் குறித்த முதற்பெரும் அரசு நடவடிக்கை கோட்டையைத் தகர்த்ததே எனலாம். ஆட்சியர் பிளாக்பர்ன் காலத்தில், 1830களின் இறுதியிலும் 1840களின் தொடக்கத்திலும், மதுரைக் கோட்டைச் சுவர்கள் இடிக்கப்பட்டு அகழி தூர்க்கப்பட்டது. அவ்விடத்தில் வெளி வீதிகள் உருவாயின. பணியை நடத்திய அளவையாளர் மாரட், மேற்பார்வையாளர் பெருமாள் மேஸ்திரி ஆகியோரின் பெயர்களை இரு வீதிகள் இன்றும் தாங்கியுள்ளன. பிளாக்பர்னின் நினைவாக நிறுவப்பட்டதே விளக்குத்தூண். 1866 இல் நகராட்சி அமைந்தது. 1890களில் வைகைப் படுகையின் அடிநீரைத் திரட்டிக் குழாய் வழியே நகருக்கு வழங்கும் திட்டம் நிறைவேறியது. வாந்திபேதிக் கிருமியை 1884 இல் இராபர்ட் காக் கல்கத்தாவில் உறுதிப்படுத்தியதற்குப் பிற்பட்ட பத்தாண்டில் இது நிகழ்ந்தது.

இங்குக் கருதத்தக்க செய்தி ஒன்று உண்டு. அகழி தூர்த்தலும் குழாய் நீரும் கொள்ளைநோய்க்கென நெருக்கடியில் எடுக்கப்பட்ட நடவடிக்கைகள் அல்ல. நோய் இல்லாத நாளிலும் நிலைத்து நிற்கும் ஏற்பாடுகள். நெருக்கடிக்கால ஆணைகள் மறைந்தன. நிலையான ஏற்பாடுகள் நீடித்து உதவின. 2020–21 இல் தோப்பூரில் காசநோயாளிகளுக்கென முன்னரே அமைந்திருந்த அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை கோவிட் சிகிச்சை இடமாக மாறியதும், 2021 மே மாதத்தில் அங்கு ஆக்சிஜன் வசதியுடன் 500 படுக்கைகள் சேர்க்கப்பட்டதும் இவ்வுண்மையின் தொடர்ச்சியே.

பஞ்சம் பெற்ற விதியும் நோய் பெறாத விதியும்

1876–78 தாது வருடப் பஞ்சம் மதுரைச் சமவெளியையும் தாக்கியது. பஞ்சத்தைத் தொடர்ந்து வாந்திபேதியும் அம்மையும் காய்ச்சலும் வந்தன. பட்டினியால் இறந்தவர் எவர், நோயால் இறந்தவர் எவர் எனப் பிரிப்பது அன்றும் எளிதன்று. இன்று ஏறத்தாழ இயலாது. எனினும் அரசின் கோப்புகளில் அவை இரண்டும் வெவ்வேறு வழிகளில் சென்றன.

பஞ்சத்திற்கு விதி பிறந்தது. 1880 பஞ்சக் குழுவின் அறிக்கையைத் தொடர்ந்து 1883 இல் பஞ்ச விதித் தொகுப்பின் மாதிரி வகுக்கப்பட்டு, மாகாணங்கள் அதனைத் தழுவித் தத்தம் விதிகளை அமைத்தன. அவ்விதியின் சிறப்பு அது நல்ல காலத்திலேயே எழுதப்பட்டது என்பதாகும். தானிய விலை ஏற்றம், மக்கள் ஊர்விட்டு அலைதல் முதலிய எச்சரிக்கைக் குறிகள் வகுக்கப்பட்டன. எந்த மாவட்டத்தில் எந்தப் பணியைத் தொடங்கலாம் என்னும் பட்டியல் முன்கூட்டியே ஆயத்தமாக வைக்கப்பட்டது. உழைக்க இயன்றவருக்குக் கூலி வேலை, இயலாதவருக்கு இலவச உதவி, நிலவரி நிறுத்தம் அல்லது தள்ளுபடி, விதைக்கும் மாட்டுக்கும் தக்காவிக் கடன் என மீட்சியின் படிகள் வரையறுக்கப்பட்டன. 1883 ஆம் ஆண்டின் நில மேம்பாட்டுக் கடன் சட்டமும் 1884 ஆம் ஆண்டின் உழவர் கடன் சட்டமும் இதே சிந்தனையின் விளைவுகள். பஞ்ச விதியில் குறைகள் பல. கூலி மிகக் குறைவு. அறிவிப்பில் தாமதம் வழக்கம். ஆயினும் இழந்தவரை எழுப்புவது அரசின் கடமை என்பதற்கு ஒரு நடைமுறை எழுத்தில் இருந்தது.

மதுரைச் சமவெளியில் இச்சிந்தனையின் பெருஞ்சின்னம் பெரியாறு அணை. 1887 இல் பணி தொடங்கி 1895 அக்டோபரில் திறக்கப்பட்ட அவ்வணை, மேற்கே பாய்ந்த நீரை வைகைக்குத் திருப்பி வறட்சியிலிருந்து இச்சமவெளியைக் காக்க எழுந்தது. அணை கட்டிய தொழிலாளர்களுள் பலர் மலேரியாவுக்கும் வாந்திபேதிக்கும் பலியாயினர் என்பதையும் உடன் நினைவுகொள்ள வேண்டும். பஞ்சத்திலிருந்து மீள்வதற்கான பணியிலேயே நோய் உயிர்களைக் கொண்டது. அவ்விழப்பை ஈடுசெய்யும் விதி இல்லை.

அரசு ஏன் இவ்வாறு பிரித்தது? பஞ்சம் விளைச்சலை அழித்தது. விளைச்சல் நிலவரியின் ஊற்று. எனவே பஞ்ச இழப்பு அளவிடப்பட்டது, ஈடும் எண்ணப்பட்டது. நோய் ஆளை அழித்தது, வயலைத் தொடவில்லை. ஆகவே அது குடும்பத்தின் துயரமாகக் கருதப்பட்டது. 1918 இன்புளுயன்சா இந்தியாவில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டது. 1911–1921 பத்தாண்டில் இந்திய மக்கள்தொகையே குறைந்தது. அத்தகைய பேரிழப்பிற்குப் பின்னரும் பஞ்ச விதிக்கு இணையான கொள்ளைநோய் மீட்பு விதி எழுதப்படவில்லை.

ஊர் மக்களின் வழிபாடு இப்பிரிவை ஏற்கவில்லை. மாரி என்னும் சொல் மழையைக் குறிப்பது. மாரியம்மன் அம்மை நோயின் தெய்வமும் ஆவாள். மதுரை வட்டாரத்தில் அவளுக்கு முளைப்பாரி எடுக்கும் பெண்கள் நோய் நீக்கத்தையும் விளைச்சலையும் ஒரே வேண்டுதலில் கேட்கின்றனர். வீட்டு வாயிலில் வேப்பிலை செருகிப் பிறர் வரவைத் தவிர்ப்பது கட்டுப்பாடு. நோய் தணிந்தபின் ஊர் கூடிப் பொங்கலிடுவது மீட்சி. இரண்டும் ஒரே சடங்கின் இரு முனைகள். சட்டம் பிரித்து வைத்ததை மரபு சேர்த்தே வைத்திருந்தது.

1897, 1939: கட்டுப்பாட்டின் இரு சட்டங்கள்

பம்பாயில் பிளேக் பரவியதையடுத்து 1897 பிப்ரவரியில் கொள்ளைநோய்ச் சட்டம் இயற்றப்பட்டது. நான்கே பிரிவுகள் கொண்ட அச்சட்டம், தேவையெனக் கருதும் எந்த விதியையும் இயற்றும் அதிகாரத்தை அரசுக்கு அளித்தது. இழப்பீடு என்ற சொல் அதில் ஓரிடத்தில் வருகிறது: செலவுகளை யார் ஏற்பது என்பதைக் கூறும் தொடரில், அடைப்புக்குறிக்குள், அப்படி ஏதேனும் இருந்தால் என்னும் ஐயத்துடன். மீட்சிக்கு அச்சட்டம் ஒதுக்கிய இடம் அவ்வளவே.

சென்னை மாகாணம் இதனினும் முன்னேறிய சட்டம் ஒன்றைப் பெற்றது. இராசாசி தலைமையிலான அமைச்சரவைக் காலத்தில், டி.எஸ்.எஸ். இராஜன் பொதுச் சுகாதாரத்திற்குப் பொறுப்பேற்றிருந்தபோது, 1939 ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டம் நிறைவேறியது. குடிநீர், கழிவு, தாய்சேய் நலம், தொற்றுநோய் அறிவிப்பு, உணவு விடுதிகள் எனப் பொதுநலத்தின் அன்றாடத் துறைகளை அது ஒருங்கே தழுவியது. சந்தைகளுக்கும் திருவிழாக்களுக்கும் அதில் தனி இயல் உண்டு. சித்திரைத் திருவிழா போன்ற கூட்டங்களைத் தடைசெய்வதன்று, நீரும் துப்புரவும் மருத்துவமும் அளித்து அவற்றைப் பாதுகாப்பாக நடத்துவதே அவ்வியலின் நோக்கம். இது காலனியச் சட்டங்களில் அரிதான பார்வை. ஆயினும் இச்சட்டத்திலும் இழப்பீடு பேசப்படும் இடங்கள் அதிகாரியின் ஆணையால் அழிக்கப்படும் குடிசை, பொருள் போன்றவற்றைச் சுற்றியே அமைந்தன. ஆணையால் இழந்த நாட்கூலி அதன் எல்லைக்குள் வரவில்லை.

1940 இல் மதுரையில் புதிய அரசு மருத்துவமனை திறக்கப்பட்டு, அன்றைய ஆளுநர் எர்ஸ்கின் பெயரைப் பெற்றது. பின்னர் அது இராசாசியின் பெயரைத் தாங்கியது. எண்பது ஆண்டுகளுக்குப் பின் தமிழகத்தின் முதல் கோவிட் இறப்பைப் பதிவுசெய்த மருத்துவமனை, கட்டுப்பாட்டுக்குப் பயன்பட்ட சட்டத்தை இயற்றிய முதல்வரின் பெயரையே கொண்டிருந்தது.

2020–21: கூடாமையின் விலை

தமிழக அரசு 2020 மார்ச் மாதத்தில் 1897, 1939 சட்டங்கள் இரண்டையும் பயன்படுத்தியது. நடுவண் அரசு 2005 ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் கீழ்ப் பொதுமுடக்கத்தை அறிவித்தது. 2020 மே 4 அன்று மீனாட்சி திருக்கல்யாணம் சில அர்ச்சகர்களுடன் மட்டும் நிகழ்ந்து இணையத்தில் ஒளிபரப்பாயிற்று. கள்ளழகர் வைகையில் எழுந்தருளும் நிகழ்ச்சி இரத்தானது. 2021 இலும் விழா கோயில் வளாகங்களுக்குள் பக்தர்கள் இன்றியே நடைபெற்றது.

ஜூன் மாதத்தில் தொற்று பெருகியபோது பரவை காய்கறிச் சந்தை பரவல் மையமாகக் கண்டறியப்பட்டு மூடப்பட்டது. ஜூன் 24 முதல் ஜூலை நடுப்பகுதி வரை மதுரை மாநகராட்சி, பரவை பேரூராட்சி, மதுரை கிழக்கு, மேற்கு, திருப்பரங்குன்றம் ஒன்றியங்கள் ஆகியவற்றில் முழு முடக்கம் நிலவியது. காய்ச்சல் முகாம்கள், தடைசெய்யப்பட்ட பகுதிகள், சோதனை விரிவாக்கம், கபசுரக் குடிநீர் வழங்கல் எனக் கட்டுப்பாட்டின் கருவிகள் ஒருங்கே இயங்கின. அவற்றின் மருத்துவப் பயனை மறுப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று.

இக்கட்டுப்பாட்டின் செலவை ஏற்றவர் யார் என்பதே வினா. கூட்டத்தைத் தடுக்கும்போது கூட்டத்தால் வாழ்பவர் முதலில் வீழ்கின்றனர். கோயில் நடை சாத்தி, திருமணங்கள் சுருங்கியபோது மல்லிகை வாங்குவோரை இழந்தது. செடியில் பூத்த பூவைப் பறிக்கும் கூலி, பூவின் விலையை மிஞ்சியது. நாகசுரக் கலைஞர், கரகாட்டக்காரர், பறையிசைப்போர், நாடகக் கலைஞர் ஆகியோருக்குத் தை முதல் ஆடி வரையிலான திருவிழாப் பருவமே ஆண்டு வருமானம். அது ஈராண்டுகள் பறிபோனது. வளையல், பொம்மை, பலூன் விற்போருக்குச் சித்திரை மாதம் கடனை அடைக்கும் மாதம். இவர்களின் இழப்பு நோயால் நேர்ந்ததன்று. நோயிலிருந்து பிறரைக் காக்க இடப்பட்ட ஆணையால் நேர்ந்தது.

மீட்சி எங்கிருந்து வந்தது?

அரசு உதவவில்லை என்று கூறுவது தவறாகும். உதவி வந்த வழியே கருதத்தக்கது. 2020 ஏப்ரலில் அரிசி அட்டைதாரர்களுக்கு 1,000 ரூபாய் நியாயவிலைக் கடைகள் வழியே வழங்கப்பட்டது. நடுவண் அரசு தலைக்கு 5 கிலோ உணவு தானியம் அளித்தது. 2021 மே, ஜூன் மாதங்களில் தலா 2,000 ரூபாயும் 14 வகை மளிகைப் பொருள்களும் தரப்பட்டன. ஊரக வேலை உறுதித் திட்டத்தில் தமிழகத்தின் நாட்கூலி 2020–21 இல் 229 ரூபாயிலிருந்து 256 ரூபாயாக உயர்ந்தது. நியாயவிலைக் கடை, நூறு நாள் வேலை, இலவச உதவி ஆகிய இவை அனைத்தும் பஞ்ச நிவாரண மரபின் வழித்தோன்றல்கள். வேலை உறுதிச் சட்டத்தின் முன்னோடி, 1970களின் வறட்சியில் உருப்பெற்ற மகாராட்டிர வேலை உறுதித் திட்டம். அதன் வேர் பஞ்ச விதியின் கூலி வேலை முறை. கொள்ளைநோய்ச் சட்டம் ஆணையிட்டது. பஞ்ச மரபு சோறிட்டது.

இறப்புக்கான ஈட்டின் வரலாறு இதனை மேலும் விளக்கும். 2020 மார்ச் 14 அன்று நடுவண் உள்துறை கோவிட்-19 ஐப் பேரிடர் நிதி உதவிக்குரியதாக அறிவித்தபோது, இறந்தோர் குடும்பத்திற்கு 4 இலட்சம் ரூபாய் என்பதும் ஆணையில் இருந்தது. அதே நாளில் ஆணை திருத்தப்பட்டு அத்தொகை நீக்கப்பட்டது. 2021 ஜூன் 30 அன்று உச்ச நீதிமன்றம், பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின்படி கருணைத்தொகைக்கு வழிமுறை வகுப்பது தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் கடமை எனத் தீர்ப்பளித்தது. அதன் பின்னரே 50,000 ரூபாய் உறுதியாயிற்று. அக்கடமை வெள்ளத்தையும் புயலையும் கருதி எழுந்த பேரிடர்ச் சட்டத்திலிருந்து பெறப்பட்டது. கொள்ளைநோய்ச் சட்டத்திலிருந்து அன்று. 1897 ஆம் ஆண்டின் சட்டம் 2020 இல் திருத்தப்பட்டபோதும், திருத்தம் மருத்துவப் பணியாளர் மீதான வன்முறையைத் தண்டிப்பதையே நோக்கமாகக் கொண்டது.

இரவல் பெற்ற மீட்சியின் குறை அதன் பொதுத்தன்மையில் உள்ளது. குடும்ப அட்டைக்குச் சமமாக வழங்கப்படும் தொகை பசியைத் தணிக்கும், தொழிலை மீட்காது. பூ விவசாயியும் மாத ஊதியம் இடையறாது பெற்றவரும் ஒரே வரிசையில் நின்றனர். நலவாரியங்களில் பதிவுபெற்ற தொழிலாளர்க்குத் தனி உதவி அறிவிக்கப்பட்டது உண்மையே. ஆனால் பதிவு இல்லாதவரே இத்தொழில்களில் மிகுதி. பஞ்ச விதி பணிப் பட்டியலை முன்னரே ஆயத்தமாக வைத்திருந்தது போல, திருவிழாவையும் சந்தையையும் நம்பி வாழ்வோரின் பட்டியல் எந்த அலுவலகத்திலும் ஆயத்தமாக இல்லை.

முடிவுரை

2023 மே 5 அன்று உலக நலவாழ்வு நிறுவனம் கோவிட்-19 இன் பன்னாட்டு நெருக்கடி நிலை முடிவுற்றதாக அறிவித்தது. சித்திரை முழுநிலவு நாளான அன்று கள்ளழகர் வைகையில் எழுந்தருளினார். கரைகள் மக்களால் நிறைந்திருந்தன. கூட்டம் திரும்பியதையே மீட்சி எனக் கொள்ளும் மயக்கம் இங்கு எழுவது இயல்பு. கூட்டம் திரும்பிய ஆற்றங்கரைக்குத் தொழிலை விட்டவரும் கடனில் மூழ்கியவரும் திரும்பினரா என்பதை அக்காட்சி காட்டாது.

இவ்வாய்விலிருந்து மூன்று முடிபுகள் பெறப்படுகின்றன. முதலாவது, மதுரையில் கொள்ளைநோயை நீண்ட காலத்துக்குத் தணித்தவை நெருக்கடி ஆணைகளைக் காட்டிலும் நீர், துப்புரவு, மருத்துவமனை ஆகிய நிலையான ஏற்பாடுகளே. இரண்டாவது, 1939 ஆம் ஆண்டின் சட்டம் திருவிழாவைத் தடைக்குரியதாகக் கருதாமல் காக்க வேண்டிய பொதுநிகழ்வாகக் கண்டது. அப்பார்வை இன்றைய திட்டமிடலுக்கும் உரியது. மூன்றாவது, கட்டுப்பாடும் மீட்சியும் 1811 முதல் இருவேறு துறைகளின் பொருளாகவே இருந்து வந்துள்ளன. இப்பிளவை மூடும் விதி இன்னும் எழுதப்படவில்லை.

அத்தகைய விதிக்கு முன்மாதிரி அயல்நாட்டில் தேட வேண்டியதன்று. நல்ல காலத்திலேயே எழுதுதல், எச்சரிக்கைக் குறிகளை வகுத்தல், பயனாளர் பட்டியலை மாவட்டந்தோறும் ஆயத்தமாக வைத்தல், ஆணை பிறக்கும் நாளிலேயே உதவியும் தொடங்குதல் ஆகிய கூறுகள் பஞ்ச விதியில் முன்னரே உள்ளன. சந்தையை மூடும் அதிகாரம் எந்தப் பிரிவில் உள்ளதோ, அதற்கு அடுத்த பிரிவிலேயே மூடிய சந்தையில் பிழைத்தவரின் நாட்கூலியும் இடம்பெற வேண்டும். அடுத்த பெருந்தொற்றுக்கான சட்ட வரைவை எழுதுவோர்க்கு மதுரையின் இரு நூற்றாண்டு வரலாறு முன்வைக்கும் கோரிக்கை இதுவே.